பட்டியல் போதும், கீழே வைக்க முடியாத புத்தகத்தைக் கொடுங்கள்

ஏப்ரல் 14 வந்தால் ஒரு பட்டியல், டிசம்பர் 6 வந்தால் இன்னொரு பட்டியல். ‘ஒவ்வொரு அம்பேத்கரியரும் படித்தே ஆகவேண்டிய ஐம்பது நூல்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். பகிர்ந்தவர்கள் பல பேர், படித்தவர்கள் சில பேர். இதற்காக நான் இளைஞர்களைக் குறை சொல்லமாட்டேன். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவியிடம், அம்பேத்கர் தொகுப்பின் 37 தொகுதிகளில் கைக்குக் கிடைத்த ஒன்றைக் கொடுத்து, ‘படித்துவிட்டு வாம்மா, பேசலாம்’ என்று அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார். புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தோடு இயக்கத்தைவிட்டே விலகிவிடுவார். பல வாசகர் வட்டங்கள் மூன்றாவது வாரத்தில் நான்கு பேராகச் சுருங்குவது இப்படித்தான்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். புதிதாக வருகிறவருக்கு நாம் முதலில் கொடுக்க வேண்டியது, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகம். கனமான நூல்கள் ஓடிவிடாது. வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் அவற்றை அவரே தேடிப் போவார்.

‘கதைப் புத்தகம் பொழுதுபோக்கு தோழர், நமக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை’ என்று சொல்லும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அண்ணலையே சாட்சிக்கு அழைக்கிறேன். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற அவருடைய சிறு நூல் ஐம்பது பக்கம்கூட வராது. தீண்டாமை என்றால் என்னவென்று வெளிநாட்டவருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற கேள்வியோடு அதைத் தொடங்குகிறார். பொதுவாக விளக்கிச் சொல்லலாம், அல்லது நடந்ததை நடந்தபடி சொல்லலாம். இரண்டாவது வழிதான் அதிகம் பயன்படும் என்று முடிவு செய்து, சம்பவங்களாக எழுதுகிறார். 1901-ல் அப்பாவைப் பார்க்கப் புதுத்துணி உடுத்திக்கொண்டு ரயிலேறிப் போன சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். யாரும் வண்டி கட்ட வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் ஏறி ஓட்ட மறுக்கிறார். பிள்ளைகள் தாங்களே மாட்டை ஓட்டிக்கொண்டு, கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழிக்கிறார்கள். அடுத்து பரோடாவில் பார்சி விடுதி. பொருளாதாரமும் சட்டமும் எழுதிய அதே கை எழுதியதுதான் இதுவும். கதையாகச் சொல்வதன் வலிமை அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் புத்தகம் எது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.

இரண்டாவது, ‘சாதியை அழித்தொழிக்கும் வழி’. இதைக் கடினமான நூல் என்று பலர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நேராக உரைக்குள் போகாதீர்கள். முன்னால் அச்சிட்டிருக்கும் கடிதங்களில் தொடங்குங்கள். 1936-ல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. பிறகு உரையைப் பார்த்துப் பயந்து, சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். மாநாடே நின்றுபோனது. அவர் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சடித்தார். இந்தக் கடிதங்களைப் படித்து முடிக்கும்போது, அப்படி என்னதான் அந்த உரையில் இருக்கிறது என்ற ஆவல் தானாக வந்துவிடும். அதன்பிறகு பக்கங்கள் ஓடும்.

இனி நாவல்கள். ‘அசுரன்’ படம் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ 1982-லேயே வந்துவிட்டது. படித்தவர்கள் எத்தனை பேர்? பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் நாவல் தொடங்குகிறது. அதன்பிறகு அப்பாவும் மகனும் கரிசல் காட்டில், கண்மாயில், பாறை இடுக்கில் மறைந்து திரியும் நாட்கள். இருவரும் சோறு பொங்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். படத்தில் உள்ள சண்டைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். ஒரு அப்பாவும் பிள்ளையும் இவ்வளவு பிரியமாகப் பேசிக்கொள்வதைப் பார்க்கப் போனால் ஏமாறமாட்டீர்கள். சாதிப் பெயர் எதுவும் நாவலில் வருவதில்லை. ஆனாலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் நமக்குக் குழப்பமே வராது. அது எப்படி என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அடுத்து இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். 1992-ல் வந்த பாமாவின் ‘கருக்கு’, 2002-ல் வந்த ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. இருவரும் உடன்பிறந்தவர்கள், ராஜ் கௌதமன் அண்ணன். ஒரே ஊர், ஒரே தேவாலயம். தங்கை ஒரு விதமாகச் சொல்கிறார், அண்ணன் வேறு விதமாகச் சொல்கிறார். ‘கருக்கு’வில் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டபடி எடுத்துக்கொண்டு போகும் இடம் வரும். சிறுமி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏன் அப்படிப் பிடித்திருந்தார் என்பதை அண்ணன் விளக்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. நம் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் வருமா என்று நினைப்பவர்களுக்கு இந்தப் புத்தகமே பதில். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ தடித்த புத்தகம்தான். ஆனால் தன்னையே கேலி செய்துகொள்ளும் அந்த நடையில் பக்கக் கணக்கு மறந்துபோகும். மதம் மாறிய தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையைப் பற்றி எத்தனையோ துண்டறிக்கை படித்திருப்பீர்கள். வேலை தேடி அலையும் ஒருவனின் நாட்களுக்குள் அது என்ன செய்கிறது என்பதை இதில் பார்க்கலாம்.

நம்மைப் புகழும் புத்தகங்களை மட்டும் படித்தால் போதாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தபோது நம் பக்கமிருந்தே கடும் விமர்சனம் எழுந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை அது. நாம் ஊரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை அவள் நம்மைப் பார்த்துக் கேட்க முடியும். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) நாவலில் காத்தமுத்து சாதிக்கு எதிராக நிற்கும் தலைவர். வீட்டுக்குள் அவர் எப்படிப்பட்டவர் என்பதை மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இயக்கத்தில் இருக்கும் பெண் தோழர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆண் தோழர்கள் கொஞ்சம் நெளிவார்கள். நெளியட்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். இந்த இரண்டு நாவல்களையும் ஏற்கவேண்டும் என்று இல்லை. படித்துவிட்டுச் சண்டை போடுங்கள். படிக்காமல் சண்டை போடுவதுதான் நம்மிடம் அதிகமாக இருக்கிறது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இமையத்தின் ‘பெத்தவன்’ கதையை எடுங்கள். ஆதிக்கச் சாதித் தகப்பன் ஒருவரிடம், தலித் இளைஞனைக் காதலிக்கும் மகளைக் கொன்றுவிடச் சொல்கிறது ஊர். முடிவை நான் சொல்லப்போவதில்லை. 2012-ல் அது வெளியானது. அதே ஆண்டு நவம்பர் 7-ம் தேதி தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன.

பக்கத்து மாநிலத்திலிருந்து ஒன்று. கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு பாவண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஊரும் சேரியும்’ என்று தமிழில் இருக்கிறது. நுகத்தடியை இரண்டு மனிதர்கள் தோளில் சுமந்து இழுக்க, பின்னால் ஒருவர் ஏரோட்டுகிறார். வேடிக்கை பார்த்த சிறுவனுக்கு, இழுத்தவர்களில் ஒருவர் தன் அப்பா என்று பிறகுதான் உறைக்கிறது. இப்படித் தொடங்கும் புத்தகம் நம்மை வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கிறது. கே.ஏ.குணசேகரனின் ‘வடு’வும் அப்படித்தான். அளவில் சிறியது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவது போலவே போகும்.

இந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. தலித் இலக்கியம் என்றாலே வலி, கண்ணீர், ரத்தம் என்று வெளியில் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். பரிதாபப்பட வசதியாக அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. நாமும் அதை நம்பி, நம் புத்தகங்களை நேர்த்திக்கடன் போல இறுக்கமான முகத்தோடு எடுக்கிறோம். நம் பாட்டிகளின் கேலியும், வசவும், கெட்டிக்காரத்தனமும் இந்தப் பக்கங்களில் நிறைய இருக்கின்றன. படித்து மகிழ்வதும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றுதான். அதையும் சேர்த்துத்தான் மீட்க வேண்டும்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். முப்பது பக்கம் வரை படித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒரு புத்தகம் போதும். ‘இந்நூல் கூறும் கருத்து யாது’ என்று கேட்டு அதைத் தேர்வு அறை ஆக்காதீர்கள். ‘எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தீர்கள்’ என்று கேளுங்கள், கூச்சப்படுகிறவரும் பேசுவார். ஒரு அத்தியாயத்தை யாராவது சத்தமாக வாசியுங்கள். வாங்கக் காசில்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் தேடுங்கள், இல்லாத நூலை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகள் நல்ல சோறு, தண்ணீர், கழிப்பறை கேட்டு மனு எழுதும்போது, நூறு நல்ல புத்தகங்கள் கொண்ட ஓர் அலமாரியையும் அதே மனுவில் சேருங்கள். அதுவும் உரிமைக் கோரிக்கைதான்.

அடுத்த பட்டியல் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் எந்தப் புத்தகம் உங்களைத் தூங்கவிடவில்லை தோழர்?’ அவர் சொல்லும் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.