மான்ட்கோமரியில் முதலில் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மான்ட்கோமரி. அக்டோபரில் அங்கே பெரிய பொருட்காட்சி நடைபெறும். ஷேக்ஸ்பியர் நாடகங்களும் உண்டு. ஆயினும், ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன். 1955 டிசம்பர் 1ஆம் நாள், வெள்ளையர் ஒருவருக்குப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்ததால் ரோசா பார்க்ஸ் கைதான இடம் அது. பிறகு, 381 நாள்கள் கறுப்பினத்தவர் அந்நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தனர். பலர் வேலைக்கு நடந்தே சென்றனர்.

விடுமுறையில் வருத்தமான செய்தி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இராட்டினம் எந்த ஊரிலும் சுற்றும். அந்தப் பேருந்து நிறுத்தம் வேறெங்கும் இல்லை. அங்கிருந்து டெக்ஸ்டர் சாலையில் நடந்தால், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த தேவாலயம் வரும். அதற்குச் சற்று மேலே, மேட்டின்மீது, மாநிலச் சட்டமன்றக் கட்டடம் தெரியும்.