நாய் வயிறும் நெய்ச்சோறும்

நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தகுதியற்றவனுக்கு வாய்த்த மேன்மை நிலைக்காது என்று பிறரை இழித்துரைக்கவே இதைப் பெரிதும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அந்த இழிப்பை நீக்கிவிட்டு நோக்கினால், எஞ்சி நிற்பது நாயோடு வாழ்ந்த எளிய மக்களின் கூர்மையான அவதானம். கொழுப்பு மிகுந்த உணவு நாய்க்குக் கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும் என்று கால்நடை மருத்துவமும் எச்சரிக்கிறது.

“பாவம், தினமும் ஒரே சோறா?” என்பது நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் குரல். அதில் அன்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நம் நாவின் குரல். அறுசுவையையும் ஓர் இலையில் எதிர்பார்த்து வளர்ந்த நாம், நம் சலிப்பை நாயின்மீது ஏற்றிவிடுகிறோம். மனித நாவில் ஏறத்தாழ 9000 சுவை அரும்புகள் உண்டு என்பர். நாயின் நாவில் ஏறத்தாழ 1700 மட்டுமே. திங்களன்று முட்டை, செவ்வாயன்று மீன், புதனன்று விருந்தில் மீந்த கறி என்று மாற்றிக்கொண்டே போனால், எளிதில் வயிறு கெடும் நாய் வியாழனன்று கழிச்சலில் துவண்டு கிடக்கும். மூன்றில் எது ஒவ்வாதது என்பதை அப்போது யாராலும் சொல்ல இயலாது.

இதற்கு அஞ்சி, ஆண்டு முழுதும் தயிர்சாதம் மட்டுமே போடுவோரும் உளர். சோறு நாய்க்குப் பகையன்று. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் மிகுதி என்று 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் சோறும் தயிரும் மட்டுமே நாய்க்கு வேண்டிய புரதத்தையும் பிற சத்துகளையும் நிறைவாகத் தந்துவிடா. நலிந்த வயிற்றுக்கும் பல்வகை உணவு வேண்டும். அது முறையோடு வரவேண்டும் என்பதே நம் கருத்து.

முறை எளிது. ஒரு வேளையில் ஒரு புதுப்பொருள் மட்டும். முதலில் பழைய உணவு முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. பின்னர் பாதிக்குப் பாதி. ஏழு முதல் பத்து நாள்களில் முழு மாற்றம். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவ்வளவு அவகாசம் தேவை. தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, வெந்த பரங்கிக்காய், கேரட் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்தது என்று குறித்து வைக்கலாம். எண்ணெயும் மிளகாயும் வேண்டா. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; ஆகவே சாம்பார் ஊற்றிய சோறு அன்பின் வடிவில் வரும் கேடு. திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. ஒவ்வாமை என்று மருத்துவர் ஐயுற்றால், ஒரே வகைப் புரதத்தை ஏறத்தாழ எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அந்நாள்களில் இரக்கப்பட்டு நீட்டும் ஒரு பிஸ்கட்டும் அச்சோதனையைப் பாழாக்கிவிடும். மலத்தில் இரத்தம், அடுத்தடுத்த வாந்தி, உண்ணாமல் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்கலாகாது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றிருந்தும், அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததா, உடலுக்கு ஒத்ததா, அளவு மிகாததா என்பனவே வள்ளுவரின் கேள்விகள். தனக்காக அவற்றை ஆராயும் வாய்ப்பு மனிதனுக்கு உண்டு. நாய்க்கு இல்லை, நாம் தட்டில் இட்டதை நம்பி உண்பது அது. வயிறு நொந்தாலும் வாயால் சொல்லாது. ஆகவே அக்கேள்விகளை அதன் பொருட்டு நாமே கேட்டாக வேண்டும். தட்டில் எத்தனை வகை வைத்தோம் என்பதைவிட, வைத்தது செரித்ததா என்று மறுநாள் காலையில் பார்த்தோமா என்பதே அன்புக்குச் சரியான அளவுகோல்.