லோன்ல வாங்கின ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்கு எடுத்துட்டுப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

கார் லோன் பத்தி போன வாரம் வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரு தம்பிகிட்ட இருந்து நீளமா ஒரு மெயில் வந்துச்சு. வயசு 29. ஓஎம்ஆர்ல ஐடி வேலை. கைக்கு வர்ற சம்பளம் 1,60,000. நாலு வருஷம் ஓடின ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வச்சிருக்கார். 300 ஹார்ஸ்பவருக்கு மேல, விலை 45 லட்சம். கையில 10 லட்சம் இருக்கு, மீதி 35 லட்சம் லோன். "அண்ணா, சும்மா ஷோ காட்ட வாங்கல. இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே போகணும். அதுக்குத்தான். வாங்கலாமா?"

நான் உடனே ஒரு ஸ்லைடு போட்டு, இந்தக் காசை எஸ்ஐபியில போட்டா 58 வயசுல எத்தனை கோடின்னு காட்டுவேன்னு நினைப்பீங்க. காட்ட மாட்டேன். கார் ஆசை தப்பில்ல. எனக்கும் உண்டு. சி.ஏ. இன்டர் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாள்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆடிட்டுக்குப் போகும்போது டிராக் சத்தம் கேட்டா பைக்கை ஓரம் கட்டிட்டு நின்ன ஆள் நான். அதனால 'டிராக்குக்குப் போகாதே'ன்னு சொல்ல இந்தக் கட்டுரை இல்ல. எந்தக் காரோட போறீங்கங்கிறதுதான் கேள்வி.

முதல்ல தம்பியோட கணக்கு. 35 லட்சம், 11 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 76,100. சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி. வாடகை 28,000, ஊருக்கு அம்மா அப்பாவுக்கு அனுப்புறது 25,000 போக மிச்சம் 30,900. சாப்பாடு, பெட்ரோல், போன் பில், கல்யாண மொய், அந்தக் காரோட டயர் எல்லாம் இதுக்குள்ளதான். அப்ரைசல் வரும், சம்பளம் ஏறும்னு எழுதியிருந்தார். ஏறலாம். ஆனா ஐடியில இருக்கிறவங்களுக்கு அது எந்தப் பக்கமும் போகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இப்போ இதையே டிராக் கணக்கா மாத்திப் பார்ப்போம். வருஷத்துக்கு 6 டிராக் டேன்னு வைங்க (மாசம் ஒண்ணுன்னு ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கடைசியில இதுக்குத்தான் வருவாங்க). 5 வருஷத்துல 30 நாள். டவுன் பேமென்ட் 10 லட்சம், இஎம்ஐயா கட்டுறது 45.66 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2.5 லட்சம்னு நான் கையை அடக்கித்தான் போடுறேன். 5 வருஷத்துக்கு 12.5 லட்சம். கடைசியில ஒன்பது வருஷப் பழசான காரை 18 லட்சத்துக்கு வித்துட்டீங்கன்னே வைப்போம். அதைக் கழிச்சா நிகரச் செலவு 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. 30 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 1,67,000. ஒரு டிராக் டேல பதினஞ்சு நிமிஷமா நாலு ரவுண்டு கிடைச்சா மொத்தம் ஒரு மணி நேரம். நிமிஷத்துக்கு சுமார் 2,800 ரூபாய். நுழைவுக் கட்டணம் இதுல சேரல. அது எல்லா காருக்கும் பொதுன்னு விட்டுட்டேன்.

"ஆபீஸுக்கும் அதுலயே போவேன் அண்ணா, அதையும் கழிங்க"ன்னு கேட்பார். சோழிங்கநல்லூர் சிக்னல்ல முதல் கியர்ல ஊர்ந்துட்டு, ஸ்பீடு பிரேக்கர்ல எல்லாம் அடிப்பாகம் உரசுமோன்னு கோணலா ஏத்தி இறக்குறதுக்கு எவ்வளவு மதிப்பு போடணும்னு நீங்களே சொல்லுங்க.

புது காரா வாங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி மட்டும் 20 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல போனா பிடிக்கிற 1 சதவீத டிசிஎஸ்ஸை ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆயுள் வரி திரும்பி வராது. அப்புறம், சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற காரை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை ஷேர் லாபத்தோட கழிக்க முடியாது. சட்டப்படி அது மூலதனச் சொத்தே இல்ல. இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு வருது.

சரி, பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்னு ஒரு வாதம் இருக்கு. அதனால விலையை ஓரமா வச்சிட்டு, உண்மையிலேயே என்னைப் பயமுறுத்துற விஷயத்துக்கு வர்றேன்.

உங்க கார் பாலிசியை எடுத்துப் பாருங்க. பிரீமியம், ஐடிவி இருக்கிற பக்கத்தை இல்ல. 'லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்'னு சின்ன எழுத்துல ஒரு பத்தி இருக்கும். காரை எதுக்கெல்லாம் ஓட்டினா பாலிசி செல்லாதுங்கிற பட்டியல் அது. வாடகைக்கு விடுறது இருக்கும். அதோட ஆர்கனைஸ்டு ரேசிங், பேஸ் மேக்கிங், ஸ்பீடு டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் எல்லாம் இருக்கும். பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும், ஜீரோ டெப் போட்டிருந்தாலும் இந்தப் பத்தி அப்படியேதான் இருக்கும். "டிராக் டே ரேஸ் இல்லையே, யாரும் போட்டி போடலையே"ன்னு வாதாடலாம். பக்கத்துலயே ஸ்பீடு டெஸ்டிங்னு ஒரு வார்த்தை நிக்குதே, அதுக்கு என்ன சொல்லுவீங்க? 35 லட்சம் லோனை அந்த வாதத்தோட முதுகுல ஏத்தி வைக்க நான் தயாரில்ல.

என் நண்பன் ஒருத்தன் ஏத்தி வச்சான். எந்த டிராக், எந்தக் கார்னு சொல்ல மாட்டேன், அவனுக்கு இன்னும் வலிக்குது. மழை விட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு. காஞ்ச பாதையில இருந்து ஒரு அடி விலகி ஈரத்துல சக்கரம் ஏறியிருக்கு. கார் சுத்தி, பின்பக்கமா தடுப்புல போய் இடிச்சது. அவனுக்குக் கழுத்துல சுளுக்கு, அவ்வளவுதான். ஒர்க்ஷாப் எஸ்டிமேட் 11 லட்சம். அப்போ லோன்ல 32 தவணை பாக்கி. சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு போன் பண்ணான். எப்படி இருக்கேன்னு கேட்கக்கூட விடல. "டேய், டோ பண்ணிட்டுப் போய் ஹைவேயில நடந்த மாதிரி க்ளெய்ம் போட்டா என்னடா?"

நான் முடியாதுன்னு சொன்னேன். அது மோசடி. கண்டுபிடிச்சா க்ளெய்ம் போறதோட நிக்காது. சர்வேயர் டயரைப் பார்ப்பார், பிரேக் டிஸ்க்கைப் பார்ப்பார், அன்னைக்கு ஏற்பாடு பண்ணவங்க வாங்கின கையெழுத்துப் பட்டியல்ல உங்க பேர் இருக்கும், இன்ஸ்டாவுல நீங்களே போட்ட ஸ்டோரி இருக்கும். அவன் என்மேல கோபப்பட்டு ஒரு மாசம் பேசல. கடைசியில பிஎஃப்ல இருந்து கொஞ்சம், அவன் மனைவியோட நகை மேல கொஞ்சம்னு புரட்டினான். நகைக் கடன் அடைஞ்சு முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த ஒன்றரை வருஷமும் கார் இஎம்ஐ தனியா போய்க்கிட்டே இருந்துச்சு. கார் நசுங்கிடுச்சுன்னு பேங்க் தவணையை நிறுத்தாது பாருங்க.

அதனால என் கருத்து இதுதான்: மொத்தமா நசுங்கினாலும் அடுத்த மாசம் உங்க வீட்டுச் செலவு மாறாத காரை மட்டும் டிராக்ல இறக்குங்க. கையில அஞ்சு கோடி இருக்கிறவருக்கு அது போர்ஷேவா இருக்கலாம். நமக்கு அது அஞ்சு லட்ச ரூபாய் பழைய ஹேட்ச்பேக்.

இங்கதான் தம்பிக்கு முகம் சுருங்கும். ஹேட்ச்பேக்ல என்ன த்ரில்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன், என் பழைய ஸ்விஃப்ட்டை முதல் தடவை கொண்டுபோற வரைக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். மூணாவது லேப்ல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. பிரேக் ஃப்ளூயிட் பழசு. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், சூடேறினா கொதிச்சு உள்ளே குமிழ் வரும், அப்புறம் மிதிச்சா குமிழ்தான் அமுங்கும். புல்லுல இறங்கி நின்னேன். ஸ்விஃப்ட்டோட வேகத்துல அது வெறும் வெட்கக்கேடு.

அதே இடத்துல பெரிய கார்னா? நான் காமர்ஸ் குரூப், ஆனா இந்த ஃபார்முலா ஒன்பதாம் வகுப்புலயே வந்துடும்: எடையில பாதி, பெருக்கல் வேகத்தோட வர்க்கம். 1,000 கிலோ காரை 150 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 80க்குக் கொண்டு வர்றதுக்கும், 1,700 கிலோ காரை 200ல இருந்து 80க்குக் கொண்டு வர்றதுக்கும் பிரேக் விழுங்க வேண்டிய சூடு மூணரை மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு லேப்லயும், ஒவ்வொரு பெரிய திருப்பத்துலயும். டிஸ்க், பேட், டயர் பில்லு எல்லாம் இந்த மூணரையில இருந்துதான் வருது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீடுவேயா இருந்தா 2.1 கிலோமீட்டர்தான். அங்க 300 ஹார்ஸ்பவரை முழுசா அவிழ்த்து விடுறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துடும்.

அந்த டிராக்குக்குப் பேரான கரிவரதன்தான் மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். நம்ம நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது ஸ்ரீபெரும்புதூர்ல, அந்த ஃபார்முலா மாருதியிலதான். 2005ல அவர் ஃபார்முலா 1க்குப் போனார். 800 சிசி இன்ஜின் அவருக்குப் பத்துச்சு.

ஹேட்ச்பேக் கணக்கையும் அதே மாதிரி போட்டுடுறேன். நல்ல கண்டிஷன்ல பழைய ஸ்விஃப்ட்டோ போலோவோ 5 லட்சம், ரொக்கமா. பிரேக் பேட், புது ஃப்ளூயிட், நல்ல டயர், ஹெல்மெட், சீட்டுன்னு 1.5 லட்சம். வருஷச் செலவு 1 லட்சம். 5 வருஷம் கழிச்சு 2 லட்சத்துக்கு வித்தா நிகரம் 9.5 லட்சம். ஒரு நாளைக்கு சுமார் 31,700, நிமிஷத்துக்கு 530. தம்பி கையில ஏற்கனவே 10 லட்சம் இருக்கே, லோனே வேண்டாம். ரோல் கேஜ் மாதிரி பெரிய மாற்றம் பண்ணா ஆர்சியில இருக்கிற வண்டியும் ரோட்டுல நிக்கிற வண்டியும் ஒண்ணா இருக்காது; அப்போ டிரக்ல ஏத்தித்தான் டிராக்குக்குக் கொண்டுபோகணும். முதல் வருஷம் அதெல்லாம் தொடாதீங்க.

இதையும் விட மலிவா ஆரம்பிக்கணும்னா கார்ட்டிங். சென்னையிலயே டிராக் இருக்கு. ரேசிங் ஸ்கூலும் உண்டு. ஃபீஸைக் கேட்டா முதல்ல திக்குனு இருக்கும், ஆனா கார், டயர், பெட்ரோல், மெக்கானிக் எல்லாம் அதுல அடக்கம், பக்கத்துல சொல்லித்தர ஒரு ஆளும் இருக்கார். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க: டேமேஜ் ஆனா எவ்வளவு வரை என் பொறுப்பு? பதிலை எழுத்துல வாங்குங்க.

இன்னொண்ணு, உங்க உடம்பு. டெர்ம் பாலிசி ஃபார்ம்ல ஆபத்தான பொழுதுபோக்கு, கார் ரேஸ் உண்டான்னு கேள்வி வரும். உண்மையை எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. ஹெல்த் பாலிசியில இருக்கிற விலக்கு பொதுவா தொழில்முறையா கலந்துக்கிறவங்களைப் பத்தினது. இருந்தாலும் உங்க பாலிசி வாசகத்தை ஒருதடவை படிச்சிடுங்க. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி இதைவிடக் கறாரா இருக்கும்.

இதையெல்லாம் தம்பிக்குப் பதிலா எழுதி அனுப்பினேன். ஒரே வரியில பதில் வந்துச்சு: "அண்ணா, டீலர்கிட்ட 50,000 டோக்கன் கொடுத்துட்டேனே." ரசீதை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ரீஃபண்ட் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல, ஆனா 'லோன் அப்ரூவல் ஆகாத பட்சத்தில்'னு ஒரு வரி பேனாவுல எழுதியிருக்கு. லோன் இன்னும் அப்ரூவ் ஆகல. அப்ளிகேஷனை இன்னைக்கே வாபஸ் வாங்கலாம், ஆனா அதை 'அப்ரூவல் ஆகலை'ன்னு டீலர் ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல. நேர்ல போய் வெளிப்படையா கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். மொத்தமா போனாலும் 50,000. அவரோட அந்தப் பழைய கணக்குல அது பதினெட்டு நிமிஷம்.