மூன்றாவது புள்ளி

வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பயில்கின்றனர். ஆதலின், அவர்தம் பாடத்தில் வீட்டார் உதவ இயலாது எனப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டுவதில்லை. இரு புள்ளிகளின் வழியே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டை இத்திங்கள் தமிழிலேயே காண்போம்.

காய்ச்சலைப் பாரன்ஹீட் அளவில் சொல்லிப் பழகிய நாம், வானிலைச் செய்தியைச் செல்சியஸ் அளவில் கேட்கிறோம். இயல்பான காற்றழுத்தத்தில் நீர் உறையும் நிலை செல்சியசில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிக்கும் நிலை முன்னதில் 100, பின்னதில் 212. ஆக, (0, 32), (100, 212) என இரு புள்ளிகள் கிடைத்தன. செல்சியஸ் 100 பாகை ஏறும்போது பாரன்ஹீட் 180 பாகை ஏறுகிறது. 180-ஐ 100-ஆல் வகுக்க வருவது 1.8. இதுவே கோட்டின் சாய்வு. செல்சியஸ் 0 ஆகும்போது பாரன்ஹீட் 32 அல்லவா? அதனைச் சேர்த்தால் சமன்பாடு முடிந்தது:

பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32

செல்சியசுக்கு 37 இட்டுப் பார்ப்போம். 66.6-உடன் 32 சேர, 98.6 வருகிறது. நலமுள்ள உடலுக்கு நாம் வழக்கமாகக் கூறும் அளவு இதுவே. மூன்றாவது புள்ளியும் கோட்டின்மேல் அமைந்தது.

எல்லாம் இவ்வாறு அமையுமோ எனின், அமையா. இந்திய மக்கள்தொகை 1951-இல் 36.1 கோடி, 1961-இல் 43.9 கோடி. பத்தாண்டில் ஏற்றம் 7.8 கோடி, ஆண்டுக்கு 0.78 கோடி. இவ்விரு புள்ளிகளின் வழியே கோடு வரைந்தால் 1971-இல் 51.7 கோடி இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருந்ததோ 54.8 கோடி! தொகை பெருகப் பெருக, ஆண்டுதோறும் கூடும் அளவும் பெருகியது. இறப்பு விகிதமும் குறைந்துவந்தது. ஆகவே வளர்ச்சி நேர்கோட்டில் செல்லாமல் மேல்நோக்கி வளைந்தது.

எந்த இரு புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோடு உண்டு. அக்கோடு உண்மைக்குப் பொருந்துமா என்பதை மூன்றாவது புள்ளியைக் கொண்டே சோதிக்கத் தொடங்கலாம்.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ளல் வேண்டும். புதிய பள்ளி, புதிய மொழி. முதல் தேர்வில் பிள்ளை 60 மதிப்பெண் பெறுகிறான், அடுத்ததில் 50. உடனே பெற்றோர் மனத்தில் ஒரு கோடு விழுகிறது. அக்கோட்டை நீட்டினால் ஏழாம் தேர்வில் அவன் சுழியம் பெறுதல் வேண்டும்! அதற்குமேல் சுழியத்தினும் கீழே செல்லல் வேண்டும்! அச்சமும் கடிந்துரையும் இக்கோட்டிலிருந்தே பிறக்கின்றன. இரண்டு தேர்வுகளைக் கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தை வரைந்துவிடாதீர்கள். மூன்றாவது தேர்வு வரட்டும். அதுவரை மாலையில் சிறிது நேரம் அருகில் அமர்ந்து, மேற்கண்ட கணக்கை அவனோடு தமிழில் போட்டுப் பாருங்கள்.