வெண்டால் சுட்டி, தோத்தால் கொழுப்பு

போன கிழமை எங்கட பட்ச் குறூப்பில ஒரு பழைய வீடியோ சுத்தினது. யப்பானில ஒரு குதிரைப் பந்தயம். கதவு திறக்கிற நேரம் பார்த்து ஒரு சாம்பல் நிறக் குதிரை பின்னங்காலில எழும்பி நிக்குது. மற்றதுகள் எல்லாம் ஓடிவிட்டன. கீழே வரிசையாய்ச் சிரிப்பு ஸ்மைலிகள். 'சரியான குழப்படி', 'கியூட்' எண்டு கொமெண்ட்.

அந்தக் குதிரையின் பெயர் கோல்ட் ஷிப். உமா முசுமே அனிமே பார்த்தவைக்குத் தெரியும், அதில குழப்படிக்காரப் பெட்டையாய் வருவதும் இதுதான். நாக்கை நீட்டும், ஆக்களோட சேட்டை விடும். வீடியோவில் இருப்பது 2015 தக்கராசுக்கா கினென் பந்தயம். 2013, 2014 இரண்டு வருடமும் அதே பந்தயத்தை வென்ற குதிரை, அன்றைக்கு 16 குதிரைகளில் 15ஆவதாய் வந்தது. அதை நம்பிக் கட்டிய கிட்டத்தட்ட 1,200 கோடி யென் அந்தச் சில செக்கனில போச்சு. இவ்வளவு காசை விழுங்கியும் அதை ஒருவரும் வெறுக்கவில்லை. பொம்மை செய்து விற்கினம்.

ஏன்? ஏனெண்டால் அது முதற்தரப் பந்தயங்கள் ஆறை வென்றிருக்கு. ஒன்றையும் வெல்லாத குதிரை இதையே செய்திருந்தால் 'முரட்டுக் குதிரை, பழக்கம் சரியில்லை' எண்டு முடிச்சிருப்பினம். பொம்மை வந்திராது.

குதிரைக்கு விளையாட்டுக் குணமே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. அது தாராளமாய் இருக்கு. மேல் உதட்டாலேயே லாயத்துக் கொழுக்கியைக் கழட்டப் பழகிற குதிரைகள் இருக்கு. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து, துரத்தி விளையாடும். பிரச்சினை என்னவெண்டால், நாங்கள் எல்லாத்தையும் விளையாட்டாய்த்தான் வாசிக்கிறம். மேல் உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினால் 'சிரிக்குது' என்கிறோம். அது மணம் பிடிக்குது. காதைப் பின்பக்கம் ஒட்ட மடக்கினால் 'கோவிக்கிறாராம்' எண்டு பகிடி. உண்மையிலேயே கோபம்தான், அடுத்தது கடி. ஆபத்தெண்டால் ஓடித் தப்புகிற பிராணி அது. அதை ஒடுக்கமான பெட்டிக்குள் அடைத்து, அது துள்ளினால் குழப்படி எண்டு பெயர் வைக்கிறோம். அந்தப் பெயர் வைத்தவுடன், ஏன் துள்ளுது எண்டு கேட்கத் தேவையில்லாமல் போகுது. எங்களுக்கு வசதி.

உங்கட பள்ளிக்கூடத்தையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. ஏ/எல் படிக்கேக்க எங்கட வகுப்பில் இரண்டு பேர் ஒரே நாள் மதில் பாய்ந்து பிடிபட்டவை. ஒருத்தன் எப்பவும் முதலாம் பிள்ளை. 'சரியான சுட்டி' எண்டு சேர் சிரித்துக்கொண்டே காதைத் திருகினார். மற்றவன் கடைசி வாங்கு. அவனுக்கு மட்டும் தாயைக் கூட்டிவரச் சொன்னது. மதில் ஒண்டுதான். உயரமும் ஒண்டுதான். நாங்களும் அப்ப வாய் திறக்கேல்லை, சிரிச்சுக்கொண்டுதான் நிண்டனாங்கள்.

கடைசி வாங்குக்காரன் இப்ப கொழும்பில ஒரு ஹார்ட்வெயார் கடையில நிக்கிறான். அந்த வீடியோவை அவனுக்கும் அனுப்பினன். ஸ்மைலி ஒண்டும் வரேல்லை. 'உந்தப் பெட்டி சரியான ஒடுக்கம் மச்சான்' எண்டு மட்டும் எழுதியிருந்தான்.