பக்கத்து வீடுதான் பெரிய பூட்டு!

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலம்.

தோணியில் இருந்து ஒருவர் கடலில் இறங்குவார். காலில் கல். உடலோடு ஒரு கயிறு. மூச்சை அடக்கிக்கொண்டு, கடலின் அடியில் சிப்பி பொறுக்குவார்.

மேலே தோணியில் இன்னொருவர் கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால், உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது?

"மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள்" என்று கடற்கரையில் சொல்வது உண்டு. ஏன்? கயிறு நழுவினால் தாலி இழப்பது மைத்துனரின் சொந்த அக்காள்! ஆகவே அவர் அசரமாட்டார்.

கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தத் தோணிகள் போய்விட்டன. ஆனால், கேள்வி போகவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் வெளியூர் போகிறீர்கள். உங்கள் வீட்டின் கயிறு யார் கையில் இருக்கிறது?

பூட்டிய வீடு

தூத்துக்குடியில் வீடுகள் பூட்டிக்கிடக்கும் நேரம் அதிகம்.

துறைமுகத் தொழிலாளிக்கு இரவு வேலை உண்டு. உப்பளத் தொழிலாளி விடியும் முன்பே புறப்பட்டு விடுவார். மீனவர் கடலில் இருப்பார். கப்பல் வேலைக்குப் போனவர் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல் கொடி ஏறி, ஆகஸ்டு 5 வரை நடக்கும். குடும்பம் குடும்பமாகக் கோவிலுக்குப் போவார்கள். சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்களும் ஏராளம்.

இதெல்லாம் திருடனுக்கும் தெரியும்.

அவன் பூட்டைப் பார்த்துப் பயப்படுவது இல்லை. அவன் பார்ப்பது வேறு. வாசலில் கோலம் இருக்கிறதா? மூன்று நாள் பத்திரிகை அப்படியே கிடக்கிறதா? வெளி விளக்கு பட்டப்பகலிலும் எரிகிறதா? இவைதான் அவனுக்கு அழைப்பு.

திண்டுக்கல் பூட்டு பெயர்போனது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டு வாங்குங்கள். ஆனால் அதை மாட்டும் நாதாங்கியைப் பார்த்தீர்களா? கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பியால் நெம்பினால், பூட்டு பூட்டியபடியே இருக்கும்; நாதாங்கி கையோடு வந்துவிடும்!

அரிசிப் பானையில் தங்கம்

ஏழைக்கு நகை என்பது அலங்காரம் மட்டும் அல்ல. அதுதான் அவர் வீட்டு பாங்கி.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது சங்கிலியை அடகு வைத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அந்த நாலு பவுனில்தான் இருக்கின்றன. அது களவு போனால், பல வருட உழைப்பு ஒரே இரவில் போனது மாதிரி.

அதை அரிசிப் பானையில் ஒளிக்கிறார்கள். பீரோவில் துணிக்கு அடியில் வைக்கிறார்கள். திருடன் முதலில் கை வைக்கும் இடங்களே அவைதாம்!

நகை பாங்கி லாக்கரில் இருப்பது நல்லது. அங்கே திருட்டு நடந்தால், வருட வாடகையைப் போல் 100 மடங்கு வரை பாங்கி பொறுப்பு ஏற்கவேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் இருக்கிறது. வாடகை 2 ஆயிரம் ரூபாய் என்றால், 2 லட்சம் வரை. ஆகவே நகையின் ரசீதையும் போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டில் களவு போனாலும், போலீசில் அடையாளம் சொல்ல அவை உதவும்.

பழைய காவல்

அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் காவல் முறை இருந்தது. பாளையக்காரர்கள் தேசகாவல், ஸ்தலகாவல் என்று கவனித்தார்கள். மக்கள் அதற்குப் பணமும் தானியமும் கொடுத்தார்கள். களவு போனால், காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளடைவில் அது கெட்டது. களவு போன மாடு திரும்பி வர, "துப்புக்கூலி" கொடுக்க வேண்டி இருந்தது. சில இடங்களில் திருட்டுக்கே காவல்காரர் உடந்தை. வேலியே பயிரை மேய்ந்தது!

கூலிக்கு மட்டும் காவலை ஒப்படைத்தால் இதுதான் கதி. இன்று காமிரா வந்திருக்கிறது. அது நல்ல சாட்சி. ஆனால் திருடன் வந்து போனதைத்தான் அது காட்டும். சத்தம் கேட்டதும் விளக்கைப் போட்டு, "யாரது?" என்று கேட்கும் பக்கத்து வீட்டு ஆச்சிதான் அவனை ஓடவைப்பார்.

ஊருக்கு வெளியே தனி வீடு கட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தம் வீட்டிலேயே கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். லாரியில் சுற்றிய வடநாட்டுக் கும்பல் அது. நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளே அதன் குறி.

கோவலன் திருடனா?

அதற்காக, வேலை தேடி வரும் வடநாட்டுக் கூலியாள் எல்லோரும் கொள்ளைக்காரரா? ஒருநாளும் இல்லை.

சிலப்பதிகாரம் நினைவு இருக்கிறதா? அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவன் கைகாட்டியது, ஊருக்குப் புதிதாக வந்த கோவலனை. பாண்டியன் விசாரிக்கவில்லை. கோவலன் உயிர் போயிற்று.

பிறகுதான் சிலம்பை உடைத்தார்கள். உள்ளே மாணிக்கம்! அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. கொற்கை முத்தால் பேர்பெற்ற பாண்டியன், அந்த முத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2018 மே மாதம், போளூர் அருகே ஒரு குடும்பம் குலதெய்வம் கோவிலுக்குப் போனது. அதில் இருந்த மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவர்" என்று வதந்தி. கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது.

காவல் காப்பது வேறு. கை ஓங்குவது வேறு.

கண் முன்னே திருடுகிறவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். அவ்வளவு நேரம்கூட வேண்டாம். 112 அல்லது 100-க்கு உடனே போன் செய்யுங்கள். களவு நடந்த வீட்டில் எதையும் தொடாதீர்கள். கைரேகை அழிந்துவிடும்.

இன்று மாலை...

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஊருக்குப் போகிறீர்களா? போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். வாசல் தெளிக்கவும், பத்திரிகையை எடுத்து வைக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். "குடும்பத்தோடு கொடைக்கானல்" என்று செல்போனில் படம் போடுவதை, திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. வருடம் முழுவதும் குழாயடியில் சண்டை போட்டுவிட்டு, ஊருக்குப் போகும் அன்று மட்டும் "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யார் பார்ப்பார்கள்?

அவர்கள் வீடு பூட்டிக்கிடக்கும்போது, நீங்கள் ஒரு கண் வையுங்கள். உங்கள் வீடு பூட்டிக்கிடக்கும்போது, அவர்கள் வைப்பார்கள். இன்று மாலையே அந்தக் கதவைத் தட்டி, ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

முத்துக்குளித்தவர் கயிற்றை நம்பி இறங்கவில்லை. அதைப் பிடித்த கையை நம்பித்தான் இறங்கினார்.