வாகனக் காப்புக் கட்டணம்: சட்டத்தின் மௌனமும் கொல்கத்தா தரும் பாடமும்

புது தில்லி: கொல்கத்தா மாநகராட்சி 2023 ஏப்ரல் 1-ம் தேதி முதல் சாலையோர வாகன நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தியது. கார்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்கு ரூ.10 ஆக இருந்தது ரூ.20 ஆகவும், இருசக்கர வாகனங்களுக்கு ரூ.5 ஆக இருந்தது ரூ.10 ஆகவும் ஆயின. முதல்வர் மம்தா பானர்ஜியின் ஒப்புதல் இன்றி இந்த உயர்வு அறிவிக்கப்பட்டதாக திரிணமூல் காங்கிரஸ் தரப்பில் கூறப்பட்டதைத் தொடர்ந்து, சில நாள்களிலேயே பழைய கட்டணம் திரும்பியது.

வாகனத்தை உரிமையாளர் தாமே நிறுத்தும்போது பத்து ரூபாய் உயர்வுகூட அரசியல் பிரச்னையாகிவிடுகிறது. ஆனால், அதே வாகனத்தை போலீஸார் இழுத்துச் சென்று காப்பகத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தால், அதற்கான கட்டணத்தை யார், எந்த அதிகாரத்தின் கீழ் நிர்ணயிப்பது என்ற கேள்வி கொல்கத்தாவில் மட்டுமின்றி நாட்டின் எந்த நகரத்திலும் அதிகம் விவாதிக்கப்படவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று விடப்பட்ட வாகனத்தையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனத்தையும் அப்புறப்படுத்த சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவு முழுவதும் உரிமையாளரையே சாரும் என்கிறது அப்பிரிவு. அதன் பிறகு வாகனத்தை வைத்திருக்கும் செலவு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பதிவுச் சான்று, பெர்மிட் போன்றவை இல்லாத வாகனங்களைப் பறிமுதல் செய்ய வகை செய்யும் 207-வது பிரிவும் இவ்வாறே உள்ளது. "தாற்காலிகப் பாதுகாப்புக்கு" உரிய நடவடிக்கை எடுக்க அதிகாரம் தரும் அப்பிரிவு, அந்தப் பாதுகாப்புக்கான கட்டணத்துக்கு உச்ச வரம்பு எதையும் விதிக்கவில்லை.

2019-ல் இச்சட்டத்தில் பெரும் திருத்தங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, போக்குவரத்துக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்துவோருக்கான அபராத வரம்பு ரூ.500 ஆக்கப்பட்டது. வாகனத்தை அகற்றுவது "அரசு முகமை" என்றிருந்தது, "அரசால் அங்கீகரிக்கப்பட்ட முகமை" என மாற்றப்பட்டது. இதனால் தனியார் ஒப்பந்ததாரர்களுக்குக் கதவு திறந்தது. அவர்கள் வசூலிக்கும் தொகைக்கான வரையறையோ திருத்தத்தில் இடம்பெறவில்லை. அபராத உயர்வை ஏற்க முதலில் மறுத்த மேற்கு வங்க அரசு, 2022 ஜனவரியில்தான் அதை அமல்படுத்தியது. அபராதம் குறித்து நடந்த அளவு வாக்குவாதம் காப்புக் கட்டணம் குறித்து நடக்கவில்லை.

நீதிமன்றங்களின் நிலை

சட்டத்தில் வெளிப்படையான அதிகாரம் இல்லாமல் எந்த அமைப்பும் கட்டணம் விதிக்க முடியாது என்று ஆமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டத்தில் அதிகாரம் இருப்பதாக ஊகித்துக்கொண்டு வசூலிக்க இயலாது என்பதே அதன் சாரம். காப்புக் கட்டணத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

வழக்குகளில் சிக்கிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நீண்ட காலம் வைத்திருப்பதால் பயனில்லை என்றும், உரிய பிணை பெற்று உடனே ஒப்படைக்க வேண்டும் என்றும் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ல் அதே நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு இதற்குக் கால வரம்பும் விதிக்கிறது. பொருள் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட 14 நாள்களுக்குள் விவரப் பட்டியல், அடுத்த 30 நாள்களுக்குள் உத்தரவு என்பது புதிய விதி. இது கடைப்பிடிக்கப்பட்டால் கட்டணம் ஏறுவதும் குறையும். வாகனம் துருப்பிடிப்பதும் குறையும்.

கட்டணம் பெறுவோருக்குப் பொறுப்பும் உண்டு. தில்லியில் ஒரு ஹோட்டலில் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட கார் 1998-ல் திருடுபோன வழக்கில், "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு" என்று சீட்டில் அச்சிட்டிருப்பது மட்டுமே ஹோட்டலைக் காப்பாற்றாது என உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

தனியார் காப்பகங்களின் உரிமையும் வரம்புக்கு உட்பட்டதே. உழைப்போ திறமையோ செலவிட்டு பொருளை மேம்படுத்தியவர், கூலி கிடைக்கும் வரை அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. வைரத்தைப் பட்டை தீட்டியவரும், துணியைத் தைத்த தையல்காரரும் அதில் தரப்பட்டுள்ள உதாரணங்கள். வாகனத்தை வெறுமனே நிறுத்தி வைத்திருப்பவர், ஒப்பந்தம் இல்லாத நிலையில் இந்தப் பிரிவின் கீழ் அவ்வுரிமையைக் கோருவது கடினம்.

பிரிட்டன் வழி

பிரிட்டனில் இத்தகைய கட்டணங்கள் விதிமுறைகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. 2008-ம் ஆண்டு விதிகளின்படி இங்கிலாந்தில் ஒரு நாள் காப்புக் கட்டணம் காருக்கு 20 பவுண்டாகவும், இருசக்கர வாகனத்துக்கு 10 பவுண்டாகவும் இருந்தது. 2023-ல் கட்டணம் உயர்ந்தபோதும் விதிகளைத் திருத்தியே உயர்த்தப்பட்டது. அகற்றும் செலவு வேறு, காப்புச் செலவு வேறு என்ற பாகுபாடும் அங்கு தெளிவாக உள்ளது.

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாநில அரசு வகுக்கும் ஒவ்வொரு விதியும் சட்டப்பேரவை முன் வைக்கப்பட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-வது பிரிவே கூறுகிறது. நாள் கட்டணம் எவ்வளவு, அது எந்த நாளிலிருந்து தொடங்கும், உரிமையாளருக்கு எத்தனை நாளில் தகவல் தர வேண்டும், அதிகாரிகளின் தாமதத்துக்கு யார் பொறுப்பு ஆகிய நான்கையும் விதியாக்கிப் பேரவையில் வைத்தாலே போதும்.

கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவருக்கு வாகனம் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. அதோடு எண்ணிக்கை தெரியாத கட்டணமும் சேர்ந்தால், சிறிய விதிமீறலுக்காகப் பிடிபட்ட பழைய வாகனத்தை மீட்பதைவிடக் கைவிடுவதே லாபம் என்ற நிலை வரும். சட்டம் விதிக்காத அத்தகைய தண்டனையைக் காப்பகத்தின் ரசீது விதிக்கக் கூடாது. சாலையோர நிறுத்தத்துக்கான பத்து ரூபாய் உயர்வில் தலையிட்ட அரசியல் தலைமை, இதிலும் கவனம் செலுத்துவது அவசியம்.